வலியோடு வாழும் வகை
(ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



மூட்டுவலியைப் பற்றிப் பேச ரயில்வே குமாஸ்தாவுக்கு என்ன தகுதி என்று தாங்கள் வினவலாம். வினா நியாயமானதே. ஆயினும் அமெரிக்காவில் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தைச் சார்ந்த கேட் லோரிக் அம்மையார் மூட்டுவாத நோயாளருக்கென வகுத்த வகுப்புகளை நடத்தியோர் பெரும்பாலும் மருத்துவர் அல்லர். பயிற்சி பெற்ற சாதாரண மக்களே. 1993-இல் வெளியான ஆய்வின்படி, அவ்வகுப்பிற் பயின்றோருக்கு நான்கு ஆண்டுகள் கழிந்த பின்னும் வலி சராசரியாக 20 சதவிகிதம் குறைந்திருந்தது. மருத்துவரை நாடிச் செல்வது 40 சதவிகிதம் குறைந்திருந்தது. உடலின் இயலாமை மட்டும் சிறிது கூடியே இருந்தது. ஆகவே நோய் ஒழிந்துவிடவில்லை; அதனோடு வாழ அவர்கள் கற்றுக்கொண்டார்கள். அந்தத் துணிவிலேயே நாமும் பேச முற்பட்டோம்.

மூன்று மாதங்களுக்கு மேல் நீடிப்பதை நாட்பட்ட வலி என்பர். புதிதாய் அடிபட்ட வலி ஓர் எச்சரிக்கை. நாட்பட்ட வலியிலோ, காயம் ஆறிய பின்னரும் நரம்புகள் எச்சரித்துக்கொண்டே இருப்பதுண்டு. நம் காலனியாருக்கு இதனை விளக்குவது எளிது. தானியங்கிக் கைகாட்டி சிவப்பாயிருந்தால் ஓட்டுநர் பகலில் ஒரு நிமிடமும் இரவில் இரண்டு நிமிடமும் நின்று, பின்னர் மிகுந்த கவனத்தோடு மெல்லச் செல்கிறார். விரைவதுமில்லை, நாள் முழுதும் அங்கேயே நின்றுவிடுவதுமில்லை. அதற்காக வலியே பொய் என்று எவரும் கொள்ளலாகாது. மருமகளின் இடுப்புவலியைச் சோம்பல் என்று பெயரிடும் வீடுகள் நம்மிடையே இல்லாமல் இல்லை.

படுத்துக் கிடப்பதே மருந்து என்பது பழைய நம்பிக்கை. ஹெல்சிங்கி நகராட்சியில் புதிதாய் முதுகுவலி கண்ட 186 ஊழியரை மூன்று பிரிவாக்கி ஆராய்ந்த முடிவு 1995-இல் வெளிவந்தது. இரண்டு நாள் படுக்கையில் இருந்தோரையும், தனிப் பயிற்சி செய்தோரையும் விட, இயன்ற அளவு அன்றாட வேலைகளைச் செய்து வந்தோரே விரைவில் தேறினர். மூட்டுக் குருத்தெலும்பில் இரத்தக் குழாய்கள் இல்லை. அசைவினாலேயே மூட்டுநீர் ஊடுருவி அதற்கு ஊட்டமளிக்கிறது. அசையாத மூட்டு பட்டினி கிடக்கும் மூட்டு.

தாய்மார்களுக்கு ஒரு சொல். வலி குறைந்த நாளில் ஒரு வாரத்துத் துணியையும் துவைத்து, பரணையும் ஒழித்து, மாவும் அரைத்துவிடுகிறீர்கள். மறுநாள் முதல் மூன்று நாள் படுக்கை. இதனைத் தவிர்க்க, வலியை அளவாகக் கொள்ளாமல் கடிகாரத்தை அளவாகக் கொள்ளுங்கள். இருபது நிமிடம் நிற்க இயலுமானால் பதினைந்தாம் நிமிடத்திலேயே உட்காருங்கள். நல்ல நாளிலும் அப்படியே. வாரந்தோறும் ஓரிரு நிமிடம் கூட்டிக்கொள்ளலாம். பாதி துவைத்த துணி வாளியிற் கிடந்தால் குடி முழுகிவிடாது.

எல்லா வலியும் ஒன்றல்ல. காலையில் விரல் மூட்டுகள் வீங்கி, விறைப்பு அரைமணிக்கு மேல் நீடித்தால் அது முடக்குவாதமாக இருக்கலாம். தாமதியாமல் மருத்துவரைக் காணவேண்டும். அதற்குப் பெரும்பாலும் அளிக்கப்படும் மெத்தோட்ரெக்ஸேட் மாத்திரை வாரத்தில் ஒரு நாள் மட்டுமே உண்ணத்தக்கது. நாள்தோறும் உண்டால் உயிருக்கே ஆபத்து. வலியோடு காய்ச்சலோ, காரணமின்றி எடை குறைதலோ, சிறுநீரை அடக்க இயலாமையோ காணின் அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

கடைத்தெருவில் விற்கும் பெயரற்ற பொடிகளை நம்பவேண்டாம். சிலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருப்பதுண்டு. இரண்டே நாளில் வலி பறந்தது என்றால் ஐயம் கொள்ளுங்கள். நெடுநாள் உண்டவர் சட்டென நிறுத்துவதும் தீது. மருத்துவரிடம் மறைக்காமற் சொல்லுங்கள். வலி மாத்திரைகளைத் தாமாகவே வாங்கி மாதக்கணக்கில் விழுங்கினால் வயிறும் சிறுநீரகமும் கெடும்.

நம் சங்கக் கூடம் காலை ஆறு முதல் ஏழு மணி வரை பூட்டியே கிடக்கிறது. வலியுள்ளோர் அங்கே கூடி, உடற்பயிற்சி மருத்துவர் ஒருவரிடம் முறையாகக் கற்று, சேர்ந்து செய்து வரலாம். சாவியைக் கொடுக்கச் செயலாளர் இசைந்துள்ளார். பெயர் கொடுக்க விரும்புவோர் இன்றே கொடுக்கலாம்.