கைபேசியில் வரும் ‘கள்ளத்தோணி’

(கண்டியில் நடந்த தோட்டத் தலைவர்கள், மாதர் தலைவிகள் கூட்டத்தில் ஆற்றிய உரை)



சம்பளத்தைப் பற்றி அடுத்து வருபவர் பேசுவார். நான் நம் பிள்ளைகளின் கைபேசியில் வருகிற ஒரு சொல்லைப் பற்றிப் பேசுகிறேன்.

2024 டிசம்பரில் முல்லைத்தீவுக் கடலில் நூற்றுக்கு மேற்பட்ட ரோஹிங்கியா மக்களோடு ஒரு படகு ஒதுங்கியது. உள்ளே குழந்தைகளும் இருந்தார்கள். கண்டவர்கள் மீனவர்கள், கரையில் இருந்த சனம் சாப்பாடு கொடுத்தது. பேஸ்புக்கில் சிலர் கொடுத்தது ‘கள்ளத்தோணி’ என்ற பட்டம். நம் லயத்துப் பிள்ளைகள் சிலரும் அதைப் பகிர்ந்திருந்தார்கள்.

அந்தச் சொல்லை நம்மைவிட யார் அதிகம் கேட்டிருப்பார்? 1948 பிரஜாவுரிமைச் சட்டம் நம்மை நாடற்றவராக்கியது. 1964இல் சிறிமாவும் சாஸ்திரியும் கொழுந்து நிறுப்பதுபோல நம்மைப் பிரித்தார்கள்: 5 இலட்சத்து 25 ஆயிரம் பேர் இந்தியாவுக்கு, 3 இலட்சம் பேர் இங்கே, மிச்சம் ஒன்றரை இலட்சம் பேரைப் பிறகு பார்க்கலாம். நம்மிடம் யாரும் கேட்கவில்லை. அண்ணன் ஒரு நாடு, தம்பி ஒரு நாடு. தலைமன்னாருக்குப் போன ரயிலுக்கு ‘ஒப்பாரிக் கோச்சி’ என்றே பெயர். அக்கரையில் இறங்கியவர் ‘சிலோன்காரர்’ ஆனார். இங்கே மிஞ்சியவர்களின் பிரஜாவுரிமைப் பிரச்சினை தீர 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

1977 கலவரத்தில் அடிபட்டு வன்னிக்கு ஓடிய நம் சனத்தையும் நினையுங்கள். முல்லைத்தீவில் சோறு கொடுத்தவர்களில் அவர்களின் பிள்ளைகளும் இருந்திருக்கலாம்.

அந்தக் காலத்தில் இந்த ஏச்சு மேடையிலும் பத்திரிகையிலும் வந்தது, பரவ நாளாகும். இப்போது நிமிடம் போதும். 2017 செப்டெம்பரில் கல்கிசையில் 31 ரோஹிங்கியா அகதிகள் இருந்த வீட்டைப் பிக்குகள் சிலரோடு ஒரு கும்பல் முற்றுகையிட்டது. அதை பேஸ்புக்கில் நேரலையாகவே காட்டினார்கள். அடுத்த மார்ச்சில் தீ நம் வாசலுக்கே வந்தது: திகன, தெல்தெனிய. அங்கே அடிபட்ட முஸ்லிம்கள் அகதிகள்கூட இல்லை, தலைமுறையாக நம்மோடு வாழ்பவர்கள். அரசாங்கம் பேஸ்புக்கையும் வட்ஸ்அப்பையும் முடக்கியபோது கடைகள் எரிந்து முடிந்திருந்தன. 2020இல் பேஸ்புக் நிறுவனம் மன்னிப்புக் கேட்டது. எரிந்த கடைக்காரருக்கு அதனால் என்ன?

பிள்ளைகளை ஏச வேண்டாம். அவர்களுக்கு இந்தக் கதையே தெரியாது, நாமும் சொல்லவில்லை. இன்று கட்டாருக்கும் குவைத்துக்கும் போகிற நம் பிள்ளைகளும் அங்கே வெளியாள்தான்.

அடுத்த கிளைக் கூட்டத்துக்கு அவர்களையும் கூட்டி வாருங்கள். தாத்தா பாட்டியின் பழைய இந்தியப் பாஸ்போட், பிரஜாவுரிமைச் சான்றிதழ் வீட்டில் இருந்தால் எடுத்து வாருங்கள். மேசையில் வைப்போம், அவர்களே வாசிக்கட்டும்.