மிக்ஜாம் மழையும் பூட் ஆகாத கம்ப்யூட்டரும்

2023 டிசம்பர் 4, மிக்ஜாம் புயல். மயிலாப்பூர்ல எங்க வீட்ல கரண்ட் போச்சு, வந்துச்சு, திரும்பப் போச்சு. யூபிஎஸ் பேட்டரியை மாத்தணும்னு ஒரு வருஷமா சொல்லிட்டே இருந்தேன். கரண்ட் வந்ததும் கம்ப்யூட்டரைப் போட்டா, உபுண்டு வரலை. கறுப்புத் திரையில 'ரன் எஃப்எஸ்சிகே மேனுவலி'ன்னு ஒரு வரி. உள்ளே, மறைந்த எங்க தாத்தாவோட கடைசி வீடியோ. பேக்கப்பா? கேக்காதீங்க.

கை நேரா அந்தக் கமாண்டுக்குத்தான் போச்சு. நல்லவேளை, அடிக்கலை. எஃப்எஸ்சிகே ஃபைல் சிஸ்டத்தோட கணக்கைத்தான் நேராக்கும். கணக்கு உதைச்சா உங்க ஃபைலையே தூக்கிப் போடவும் தயங்காது. அதனால பென்டிரைவ்ல லைவ் உபுண்டு போட்டு, பார்ட்டிஷனை மவுண்ட் பண்ணாம, டிடிரெஸ்க்யூ வெச்சு முழு டிஸ்க்கையும் வேற ஹார்ட் டிஸ்க்குக்குக் காப்பி எடுத்தேன். ராத்திரி முழுக்க ஓடுச்சு. அப்புறம்தான், அந்தக் காப்பியில மட்டும் எஃப்எஸ்சிகே.

(சூப்பர்பிளாக்கே கெட்டிருந்தாலும் வழி இருக்கு. இஎக்ஸ்டி4-ல 4 கேபி பிளாக்னா வழக்கமா அதோட முதல் நகல் 32768-ல இருக்கும். எனக்கு அது தேவைப்படலை.)

வீடியோ பழைய ஃபோல்டர்ல இல்ல. 'லாஸ்ட் அண்ட் ஃபவுண்ட்'ல பேரில்லாத, வெறும் நம்பர் போட்ட ஃபைல்கள். ஒவ்வொண்ணா திறந்தேன். நாப்பதாவதோ என்னவோ, "ஃபேனை நிறுத்துடா, சத்தம் வருது"ன்னு தாத்தா ஆரம்பிச்சார்.