குற்றப்பணத்தின் உச்ச வரம்பு



மாநகரசபைகள் கட்டளைச் சட்டம் 1947 இல் ஆக்கப்பட்டது; 1949 இல் யாழ்ப்பாணம் மாநகரமாயிற்று. அந்நாளில் அமெரிக்க டொலர் ஒன்றுக்கு ஐந்து ரூபாவும் ஆகவில்லை. 2022 இல் முந்நூற்றைம்பதையும் தாண்டிற்று. ரூபாக் கணக்கில் எழுதிய தண்டமோ, சட்டத்தைத் திருத்தினாலன்றி உயராது. தேய்ந்த தண்டத்தை வாடகைபோற் கட்டிவிட்டு, கழிவை வாய்க்காலில் விடுவது பெருவணிகருக்கு இலாபமே. நமது நிலம் சுண்ணக்கல். மேலே விட்டது கிணற்றுக்கு இறங்கும். அந்நீரையே நாம் குடிக்கிறோம். வெங்காயத்துக்கும் புகையிலைக்கும் இறைக்கிறோம்.

கடலை விற்கும் ஏழை என்ன செய்வாள் என்பீர்கள். நியாயமான கேள்வி. நாம் உயர்த்தக் கோருவது உச்ச வரம்பை மட்டுமே. அதற்குட்பட்டு ஆளையும் குற்றத்தையும் நோக்கி அளவிடுபவர் நீதவான். அறவிடும் பணம் சபை நிதிக்குச் சேர்வதால், வருமானத்துக்காக வழக்குத் தொடுக்கும் ஆசை பிறக்கலாம். ஆகவே அக்கணக்கை ஆண்டுதோறும் மக்கள் முன் வைக்குமாறும் கேட்போம்.