ரோச்டேல்: ஒரு நெசவாளர் நகரத்தின் சரித்திரம்

(ஆதரவாளர் கூடுகையில் மருத்துவமனைக் குருவானவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஆண்டறிக்கையும் வரவு செலவுக் கணக்கும் வாசித்து முடித்த பின்பு, சாப்பாட்டு மணி அடிக்கும் முன்பு, குருவானவருக்கு அரைமணி நேரம் கொடுப்பது நம் வழக்கம். இந்த ஆண்டு பிரசங்கம் வேண்டாம் ஐயா, ஏதாவது சரித்திரம் சொல்லுங்கள் என்று செயலாளர் கேட்டுக்கொண்டார். ஆகவே இங்கிலாந்தின் வடபகுதியில், மான்செஸ்டருக்கு ஏறக்குறைய பத்து மைல் தள்ளியிருக்கிற ஓர் ஆலை நகரத்தைப் பற்றிச் சொல்லலாம் என்றிருக்கிறேன். ஊரின் பெயர் ரோச்டேல். நம்மவர்கள் சிலர் ராக்டேல் என்றும் எழுதுவார்கள். உங்களில் சென்னையிலிருந்து வந்திருக்கிறவர்கள் திருவல்லிக்கேணி டி.யு.சி.எஸ். கடையை அறிவீர்கள். அந்தக் கடையின் பாட்டன் வீடு எது என்று கேட்டால் இந்த ரோச்டேலைத்தான் சொல்லவேண்டும்.

வில்லியம் மன்னன் தன் ராஜ்யம் முழுவதையும் குடிமதிப்பு எழுதுவித்த 1086-ஆம் ஆண்டின் டூம்ஸ்டே ஏட்டிலேயே இவ்வூர் இருக்கிறது. அன்று அதன் பெயர் ரெசெதம். பென்னைன் மலையடிவாரத்தில் ரோச் என்கிற சிற்றாறு ஓடுகிறது. ஆற்றுக்கு மேலே குன்றின்மீது பரிசுத்த சாட் ஆலயம். ஊரிலிருந்து ஆலயத்துக்கு நூற்றுக்கு மேற்பட்ட கற்படிகள் ஏறிப் போகவேண்டும். முழங்கால் வலியுள்ள சபையார் அங்கே என்ன செய்தார்களோ! 1251-ல் மூன்றாம் ஹென்றி மன்னன் எட்மண்ட் டி லேசி என்ற பிரபுவுக்கு, இங்கே சந்தை கூட்டவும் ஆண்டுக்கொருமுறை திருவிழாச் சந்தை நடத்தவும் சாசனம் கொடுத்தான். ஊரின் தசமபாகமோ வாலி மடத்துத் துறவிகளுக்குப் போய்க்கொண்டிருந்தது. 1537-ல் எட்டாம் ஹென்றி அந்த மடத்தைக் கலைக்கும் வரையில் அப்படியே நடந்தது. அதற்குப் பிறகு பைரன் குடும்பத்தார் இவ்வூருக்கு ஜமீன்தார்கள். 1643-ல் அவர்களுக்கு ரோச்டேல் பிரபு என்ற பட்டமும் வந்தது. கவிஞர் பைரன் பிரபு அந்த வமிசம்தான். அவர் 1823-ல் ஜமீன் உரிமையை விற்றுவிட்டார்.

மன்னர்களும் மடங்களும் இவ்வளவு போதும். ஊரை உண்டாக்கினது மழையும் ஆடும். அது தானியம் நன்றாக விளையாத ஈரமலை. ஆடு மேயும், கம்பளி அலசுவதற்கு மிருதுவான ஓடைத்தண்ணீர் உண்டு. ஆகவே வீட்டுக்கு வீடு தறி. ஃபிளானல் என்கிறோமே, அந்த மெல்லிய கம்பளித் துணிக்கு ரோச்டேல் பேர்பெற்றது. 1804-ல் மலையைக் கடந்து கால்வாய் முழுவதும் திறந்தது. நிலக்கரி மலிவாய் வந்து சேர்ந்தது. நீராவி வந்தது, பருத்தி வந்தது, 1841-ல் மலையைக் குடைந்து லீட்ஸ் வரை ரயிலும் வந்தது. கம்பளித் தறியை வைத்துப் பிழைத்தவன் நாளுக்கு நாள் கீழே போனான்.

எவ்வளவு கீழே என்பதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. ரோச்டேல் தொகுதியின் பாராளுமன்ற உறுப்பினர் ஷார்மன் கிராஃபர்டு 1841-ல் வெளியிட்ட விவரப்படி, அவ்வூரில் 136 பேர் வாரத்துக்கு ஆளுக்கு 6 பென்ஸில் உயிர்வாழ்ந்தார்கள். ஒரு ஷில்லிங்குக்கு 12 பென்ஸ். ஆக அரை ஷில்லிங். 85 குடும்பங்களுக்குப் படுக்கையில் போர்த்திக்கொள்ள ஒரு கம்பளிகூட இல்லை. கம்பளி நெய்கிற ஊரில் கம்பளி இல்லை என்பதைக் கவனியுங்கள்.

அந்த நாட்களில் திருச்சபை என்ன செய்துகொண்டிருந்தது? வருத்தத்தோடு சொல்லுகிறேன், வரி வசூலில் மும்முரமாயிருந்தது. ஆலயப் பராமரிப்புக்கென்று ஊரார் எல்லார்மீதும் ஒரு வரி உண்டு. ஆலயத்துக்கு வராத குவேக்கரும் மெதடிஸ்தும்கூடக் கட்டவேண்டும். 1840-ல் ரோச்டேலில் இது பெரிய சண்டையாயிற்று. குவேக்கர் சபையைச் சேர்ந்த பஞ்சாலைக்காரர் ஜான் பிரைட், பரிசுத்த சாட் ஆலய முற்றத்தில் ஒரு கல்லறையின்மேல் ஏறி நின்று அந்த வரியை எதிர்த்துப் பேசினார். குருவானவன் என்ற முறையில் குருவானவர் பக்கம் நின்று வாதாட எனக்கும் ஆசைதான். ஆனால் கம்பளியில்லாத வீட்டிலும் ஆலயத்துக்கு வரி கேட்கிறவருக்காக என்னவென்று வாதாடுவது? அந்த வரியைக் கட்டாயம் வாங்கக்கூடாதென்று 1868-ல்தான் சட்டம் வந்தது.

இப்பொழுது கடைக்கு வருகிறேன். 1844-ல் நெசவாளர் கூலி உயர்வு கேட்டுப் போராடித் தோற்றார்கள். ஏழைக்கு அப்பொழுது இரண்டு பக்கமும் அடி. கூலி குறைவு என்பது ஒன்று. கடைக்காரனிடம் கணக்கு வைத்து வாங்குவதால் அவன் கொடுத்ததுதான் சரக்கு, அவன் எழுதினதுதான் விலை என்பது மற்றொன்று. மாவில் சுண்ணாம்பும் படிகாரமும் கலந்திருக்கும். கள்ளத்தராசைக் குறித்து நீதிமொழிகளில் நாம் வாசிப்பதெல்லாம் அங்கே அன்றாட நடப்பு.

இதற்கு ஒரு வழி காண, சில நெசவாளரும் வேறு தொழில் செய்கிறவர்களும் கூடினார்கள். அவர்களில் ஜெபவீட்டுக்குப் போகிறவர்களும் உண்டு. ராபர்ட் ஓவனின் சீடர்களாய் ஆலயப் பக்கமே தலைவைக்காதவர்களும் உண்டு. ஆளுக்கு ஒரு பவுன் பங்கு. ஒரு பவுனை மொத்தமாய்ப் பார்த்தவர் யார் இருக்கிறார்கள்? ஆகவே வாரம் 2 பென்ஸ், பின்பு 3 பென்ஸ். ஊரை மூன்றாகப் பிரித்து, ஞாயிற்றுக்கிழமைகளில் வீடுவீடாய்ப் போய் வசூலித்தார்கள். நம் சபைத் தாய்மார் பிடியரிசிக் கலயம் வைத்துச் சேர்க்கிறார்களே, அப்படித்தான். கடைசியில் 28 பேருக்கு 28 பவுன் சேர்ந்தது.

டோட் லேன் என்ற சந்தில் 31-ஆம் எண் கிட்டங்கியின் கீழ்த்தளத்தை வருஷத்துக்கு 10 பவுன் வாடகைக்கு எடுத்தார்கள். டோட் லேன் என்றால் தேரைச் சந்து. 'பழைய சந்து' என்பதே உள்ளூர்ப் பேச்சில் அப்படி மருவிற்று என்றும் சொல்வார்கள். 1844 டிசம்பர் 21, சனிக்கிழமை இரவு கடை திறந்தது. சரக்கு என்ன தெரியுமா? 28 ராத்தல் வெண்ணெய், 56 ராத்தல் சர்க்கரை, ஏறக்குறைய 300 கிலோ கோதுமை மாவு, ஒரு மூட்டை ஓட்ஸ் மாவு, கொஞ்சம் மெழுகுவர்த்தி. எல்லாம் சேர்த்து 17 பவுனுக்கும் குறைவு. கேலி செய்யத் தெருப்பையன்கள் கூடியிருந்தார்களாம். உள்ளே இருந்தவர்கள் கதவைத் திறக்கவே கூச்சப்பட்டார்களாம்.

இந்தக் கடை ஏன் நிலைத்தது? தயவுசெய்து இதைக் கவனியுங்கள். அதே சந்தில் 1833-ல் ஃபிளானல் நெசவாளர்கள் ஒரு கடை திறந்து, இரண்டே வருஷத்தில் மூடியிருந்தார்கள். இரக்கப்பட்டுக் கடன் கொடுத்துக் கெட்டுப்போன கடை அது. அந்தப் பாடத்தைப் புதியவர்கள் மறக்கவில்லை. ரொக்கத்துக்கு மட்டுமே விற்பது என்று வைத்தார்கள். பட்டினியாய் வருகிறவனிடமும் ரொக்கம் கேட்பதா என்று நமக்கு மனம் கூசும். ஆனால் கடன் என்பதுதான் அந்த ஏழையைக் கட்டிவைத்திருந்த கயிறு. சரக்கில் கலப்படம் இல்லை, எடையில் குறைவில்லை. லாபத்தில் பங்குத்தொகைக்கு ஒரு வரம்புக்குட்பட்ட வட்டி. மீதி, யார் எவ்வளவுக்கு வாங்கினார்களோ அந்த அளவின்படி மூன்று மாதத்துக்கொருமுறை அவர்களுக்கே திரும்பும். எத்தனை பங்கு வைத்திருந்தாலும் ஒருவருக்கு ஒரே ஓட்டு. பெண்களும் சொந்தப் பெயரில் அங்கத்தினராகலாம். மணமான பெண் தன் சம்பாத்தியத்தைத் தன்னுடையது என்று சொல்ல அந்நாட்டில் 1870 வரை சட்டமே இல்லாத காலத்தில் இது! பிற்பாடு லாபத்தில் நூற்றுக்கு இரண்டரை பங்கு கல்விக்கென்று ஒதுக்கி நூல்நிலையமும் வாசகசாலையும் வைத்தார்கள். கணக்கை எந்த அங்கத்தினரும் பார்க்கலாம்.

அந்தக் கணக்கின் அருமை 1849-ல் விளங்கிற்று. ரோச்டேல் சேமிப்பு வங்கியின் பொறுப்பாளர் இறந்தபோது, ஊரார் யோக்கியர் என்று நம்பியிருந்த அந்த மனிதர் 70,000 பவுனுக்கு மேல் கையாடியிருந்தது வெளியாயிற்று. அதன்பின் எத்தனையோ பேர் தங்கள் சிறு சேமிப்பை டோட் லேன் கடைக்குக் கொண்டுவந்தார்கள். 1860-ல் அங்கத்தினர் 3,450 பேர். 1863-ல் சுற்றுவட்டாரக் கூட்டுறவுக் கடைகள் சேர்ந்து மொத்த வியாபாரச் சங்கமே அமைத்துவிட்டன. நம் நாட்டில் 1904-ல் திருவல்லிக்கேணியில் டி.யு.சி.எஸ். தொடங்கினவர்கள் முன்மாதிரியாக வைத்துக்கொண்டது இந்த ரோச்டேல் முறையைத்தான்.

ஆனால் அவர்களைப் பரிசுத்தவான்களாக்கிவிட எனக்கு மனமில்லை. கடைக்காரர்களே 1854-ல் பஞ்சாலை ஒன்றும் ஆரம்பித்தார்கள். வேலைசெய்கிறவனுக்கும் லாபத்தில் பங்கு என்பது அதன் விதி. ஆலை லாபம் காட்டியதும் புதுப் பங்குதாரர்கள் திரளாய் வந்து சேர்ந்தார்கள். அவர்கள் 1862-ல் ஓட்டுப்போட்டு, தொழிலாளிக்குரிய பங்கை ரத்து செய்துவிட்டார்கள். ஒருவருக்கு ஒரு ஓட்டு என்பது எல்லா வியாதிக்கும் மருந்தல்ல.

அந்தச் சமயத்தில்தான் அமெரிக்க உள்நாட்டுப் போரினால் பஞ்சு வரத்து நின்றது. 1861 முதல் 1865 வரையிலான அந்தக் காலத்தைப் பஞ்சுப் பஞ்சம் என்றே சொல்லலாம். லங்காஷயர் முழுவதும் ஆலைகள் மூடிக் கிடந்தன. இந்தியாவிலிருந்து சூரத் பஞ்சு என்ற பொதுப்பெயரில் குட்டை இழைப் பஞ்சு போயிற்று; நம் திருநெல்வேலிச் சீமைக் கரிசல் பருத்தியும் தூத்துக்குடியில் கப்பலேறிற்று. ஆண்டவரே பஞ்சு தாரும், ஆனால் சூரத் பஞ்சு வேண்டாம் என்று ஒருவர் ஜெபித்ததாய் ஒரு கதை உண்டு. அறுந்து அறுந்து போகிற இழையோடு அவர்கள் பட்ட பாடு அப்படி. இருந்தாலும் ரோச்டேல் தொழிலாளரில் பெரும்பாலோர், அடிமைத்தனத்தை எதிர்த்த வடமாநிலங்களின் பக்கமே நின்றார்கள். தெற்கு ஜெயித்தால் பஞ்சு சீக்கிரம் வரும் என்று தெரிந்தும் நின்றார்கள். 1863 பிப்ரவரியில் அமெரிக்காவிலிருந்து ஜார்ஜ் கிரிஸ்வோல்டு என்ற கப்பல் லங்காஷயர் ஏழைகளுக்கு மாவுப் பீப்பாய்களோடு லிவர்பூல் வந்தது. அந்தப் பீப்பாய்களில் ஒன்றை ரோச்டேல் அருங்காட்சியகத்தில் காப்பாற்றி வைத்தார்கள்.

பஞ்சம் தீர்ந்து ஊர் செழித்ததும், 1871-ல் ஒரு நகர மண்டபம் கட்டி முடித்தார்கள். ஏறக்குறைய 1,60,000 பவுன் செலவு. முதலில் போட்ட மதிப்பீட்டைப்போலப் பல மடங்கு. 1883-ல் அதன் கோபுரம் தீப்பிடித்து எரிந்தது. அழகான கட்டடம்தான்.

அதே 1871-ல் டர்னர் சகோதரர்கள் ஊரில் ஒரு தொழில் தொடங்கினார்கள். 1879-ல் ஆஸ்பெஸ்டாஸ் என்ற கல்நாரை இயந்திரத்தால் நெய்ய ஆரம்பித்தார்கள். தீயில் எரியாத துணி அல்லவா, நீராவி இயந்திரங்களுக்கெல்லாம் அது வேண்டியிருந்தது. நெசவிலேயே வளர்ந்த ஊர் இதையும் நெசவாகவே ஏற்றுக்கொண்டது. நெல்லி கெர்ஷா என்ற பெண் 12 வயதில் பஞ்சாலைக்குப் போய், சில மாதங்களில் கல்நார் வேலைக்கு மாறி, 1917 முதல் டர்னர் ஆலையில் நூற்றுக்கொண்டிருந்தார். இருமலும் மூச்சுத்திணறலும் அதிகமாகி 1922-ல் வேலையை விட்டார். உள்ளூர் டாக்டர் கல்நார் விஷம் என்றே சான்றிதழ் எழுதிக் கொடுத்தார். அப்படி ஒரு வியாதி சட்டத்தின் பட்டியலில் இல்லையென்று கம்பெனி உதவித்தொகை மறுத்தது. 1924 மார்ச் 14-ல், 33 வயதில் நெல்லி இறந்தார். அடக்கச் செலவுக்குக் கேட்டபோதும் கம்பெனி மறுத்தது. ஏழைகளுக்குரிய பெயர்க்கல் இல்லாத குழியில் அடக்கம் செய்தார்கள்.

அவருடைய நுரையீரலைப் பரிசோதித்த டாக்டர் குக், தாம் கண்டதை அதே ஆண்டு பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் எழுதினார். கல்நார்த் தூசியினால் நேர்ந்த மரணம் என்று மருத்துவ இதழொன்றில் விவரமாய் வெளிவந்த முதல் சம்பவம் அது. அரசாங்கம் விசாரித்து 1931-ல் தூசியைக் கட்டுப்படுத்த விதிகள் செய்தது. கல்நாரை அடியோடு தடைசெய்ய 1999 ஆயிற்று. 75 வருஷம்! நம் ஊர்களில் இன்னமும் ஆஸ்பெஸ்டாஸ் தகட்டுக் கூரையின்கீழ் எத்தனையோ குடும்பங்கள் இருக்கின்றன. பழைய தகட்டைக் கழற்றுகிறவர்கள் அதை உலர்ந்தபடி அறுக்கவோ உடைக்கவோ வேண்டாம், தண்ணீர் தெளித்து முழுசாய் இறக்குங்கள் என்று சொல்லிவைக்கிறேன். அந்த வேலை செய்தவர் யாராவது மூச்சுத்திணறலோடு ஆஸ்பத்திரிக்கு வந்தால், என்ன தொழில் செய்தார் என்பதை டாக்டரிடம் மறவாமல் சொல்லச்சொல்லுங்கள்.

ரோச்டேலில் இன்று பஞ்சாலைச் சத்தம் இல்லை. 1960-களில் இரவு முறை வேலைக்கென்று பாகிஸ்தானிலிருந்தும் இன்றைய பங்களாதேஷிலிருந்தும் வந்து குடியேறினவர்களின் பேரப்பிள்ளைகள் அங்கே ஊரார். 1952-ல் மூடின கால்வாய் 2002-ல் முழுவதும் திரும்பத் திறந்தது. டோட் லேன் 31-ஆம் எண் வீடு 1931 முதல் அருங்காட்சியகம். ஸ்பாடன் பள்ளத்தாக்கில் டர்னர் ஆலை நின்ற நிலத்தில் வீடுகள் கட்ட 2004-ல் ஒரு திட்டம் வந்தபோது, மண்ணுக்குள் கல்நார் இருக்கிறதே என்று ஊரார் கூடி எதிர்த்தார்கள்.