மஞ்சள் தண்ணீர்



காரைக்குடி, தேவகோட்டை வட்டாரத்தில், குடிக்கிற ஊரணியில் கால் நனைக்க விடாத ஊர்கள் நம்முடையவை. காரைக்குடிச் சம்பை ஊற்றுத் தண்ணீரின் ருசி நமக்குப் பெருமை. அந்தத் தண்ணீர் கெட்டுப்போனால் என்ன செய்வோம்? ராணிப்பேட்டைக்கு அதுதான் நேர்ந்தது.

அங்கே சிப்காட் தொழில் வளாகத்தில் தமிழ்நாடு குரோமேட்ஸ் அண்ட் கெமிக்கல்ஸ் என்ற ஆலை இருந்தது. குரோமிய உப்புகள் தயாரித்தார்கள். 1995-இல் மூடினார்கள். ஆனால் இரண்டு லட்சம் டன்னுக்கும் மேற்பட்ட கழிவு, வெட்டவெளியில் மேடாகக் கிடந்தது. மழை விழ விழ அதிலிருந்த நச்சு கரைந்து மண்ணுக்குள் இறங்கியது. சுற்றுப்புறத் தண்ணீர் மஞ்சளானது. 2006-இல் அமெரிக்காவின் பிளாக்ஸ்மித் நிறுவனம் உலகில் மிக மோசமாக மாசுபட்ட 10 இடங்களைச் சொன்னபோது, ராணிப்பேட்டையும் அதில் இருந்தது.

இப்படி ஒரு நச்சு எங்கே போகிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? ஒரு கிணற்றைச் சோதித்தால் போதாது. குறைந்தது மூன்று கிணறுகளிலாவது நீர்மட்டத்தைக் கடல்மட்டக் கணக்கில் அளக்க வேண்டும். அப்போதுதான் நிலத்தடி நீர் எந்தப் பக்கம் நகர்கிறது என்று தெரியும். கிணற்றுக் குழாயில் தேங்கிய பழைய தண்ணீரை இறைத்துவிட்டுத்தான் மாதிரி எடுக்க வேண்டும். மழைக்கு முன்னும் பின்னும் எடுக்க வேண்டும். பொறுமையான வேலை. இதற்குப் பணம் ஒதுக்கத் தயங்குவது எனக்குப் பெரிய வருத்தம்.

ராணிப்பேட்டை நச்சான குரோமியத்தில் இரண்டு வகை முக்கியம். வேதியியலார் குரோமியம் ஆறு என்று சொல்வது தண்ணீரோடு ஓடும், புற்றுநோய் தரக்கூடியது. குரோமியம் மூன்று அவ்வளவு கரையாது, மண்ணிலேயே தங்கிவிடும். ஆகவே ஆறை மூன்றாக்குவதே வைத்தியம். இரும்பு உப்பு அதைச் செய்யும். அமெரிக்காவின் ஹிங்க்லி என்ற ஊரில் நிலத்துக்குள் எத்தனாலைச் செலுத்தி, மண்ணில் வாழும் நுண்ணுயிர்களைக் கொண்டே மாற்றினார்கள். இரும்புத் தகடுகளில் மின்சாரம் பாய்ச்சியும் குரோமியத்தைப் பிரிக்கலாம். இந்த முறையை ஆராய்ந்தவர்களில் நம் காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆய்வகத்தாரும் உண்டு. வள்ளல் அழகப்பர் நிலமும் பணமும் தந்து வரவழைத்த நிறுவனம் அது.

ஆனால் எந்த வைத்தியமும் மேலே கிடக்கும் குவியலை அகற்றாமல் பலிக்காது. கீழே சுத்தம் செய்யச் செய்ய, மேலிருந்து அடுத்த மழை நச்சை இறக்கிக்கொண்டே இருக்கும்.

நேயர்களுக்கு ஒரு வேண்டுகோள். கிணற்றுத் தண்ணீரின் நிறமோ வாடையோ மாறினால், காய்ச்சிக் குடித்துக்கொள்ளலாம் என்று இருந்துவிடாதீர்கள். உலோக நச்சு காய்ச்சினால் போகாது. தண்ணீர் சுண்டச் சுண்டக் கூடும். சுத்தமான பாட்டிலில் பிடித்து, எந்தக் கிணறு, எத்தனை அடி ஆழம், என்ன தேதி என்று எழுதி, குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் கொடுங்கள். அக்கம்பக்கத்து வீடுகளையும் கொடுக்கச் சொல்லுங்கள். முடிவு வரும்வரை அந்தத் தண்ணீரைக் குழந்தைகளுக்குத் தராதீர்கள்.