மங்குஸ்தான் சாகுபடி: பத்தாண்டுக் காத்திருப்பும் பயனும்

(தோட்டக்கலை மாணவர்களும் வளர்ச்சித்துறை அலுவலர்களும் கூடிய பயிற்சி வகுப்பில் ஆற்றிய உரை)



வெப்பமண்டலக் கனிகளுள் சுவையில் முதலிடம் பெறத்தக்கது மங்குஸ்தான் என்பதைப் பலரும் ஒப்புவர். எனினும் நம் நாட்டில் இது பயிராகும் பரப்பு மிகச் சிறியதே. இதன் தாயகம் மலேயாத் தீவுப் பகுதி. நீலகிரி மலைச்சரிவில் 1871இல் தொடங்கிய பர்லியார்ப் பண்ணையும், 1900இல் தொடங்கிய கல்லாறுப் பண்ணையும் இதனைத் தமிழக உழவர்க்கு அறிமுகம் செய்தன. குற்றாலத்திலும், கன்னியாகுமரி மாவட்ட மலையடிவாரத்திலும், கேரளத்தில் சாலக்குடி ஆற்றங்கரையிலுள்ள பரியாரம் போன்ற ஊர்களிலும் இம்மரங்கள் செழித்து நிற்கின்றன.

இது எல்லா இடத்திற்கும் உரிய பயிரன்று. காற்றில் ஈரப்பதம் மிகுந்திருத்தல் வேண்டும். வெப்பநிலை 25 முதல் 35 டிகிரி செல்சியஸ் வரை இருப்பது நன்று. ஆண்டுக்கு 1,250 மில்லிமீட்டருக்குக் குறையாத மழை, பரவலாகப் பெய்தல் வேண்டும். பூப்பதற்கு முன் சில வாரங்கள் வறட்சி நிலவுவது பூக்கும் தூண்டுதலாக அமையும். ஆனால் நீண்ட வறட்சியை மரம் தாங்காது. மழை குறைந்த சமவெளி மாவட்டங்களில் இதனைப் பரப்ப முனைவது உழவருக்கு இழப்பையே தரும்.

இதன் வித்து, தாவரவியல் மாணவர்க்கு வியப்பூட்டுவது. மகரந்தச் சேர்க்கையின்றித் தாய்மரத்தின் திசுவிலிருந்தே இது தோன்றுகிறது. எனவே விதையிலிருந்து எழும் கன்று தாய்மரத்தை ஒத்தே இருக்கும். மாங்கன்றைப் போலக் குணம் மாறிவிடுமோ என்று உழவர் அஞ்ச வேண்டியதில்லை. அதே காரணத்தால் இனக்கலப்பின் வழியே புதிய இரகங்களை உருவாக்குவது மிகக் கடினம்.

நன்கு பழுத்த பெரிய கனியிலிருந்து பருத்த விதைகளைத் தேர்ந்து, சதைப்பற்றைக் கழுவி நீக்கி, உடனே விதைத்தல் வேண்டும். விதை உலர்ந்தால் முளைப்புத்திறனை இழந்துவிடும். நாற்றின் ஆணிவேர் நீளமானது, பக்கவேர்கள் குறைவு, வேர்த்தூவிகள் இல்லை என்றே கூறலாம். ஆதலால் ஆழமான பைகளில் வளர்த்து, மண்கட்டி உடையாமல் நடுதல் இன்றியமையாதது. நாற்று ஓரடி உயரம் எய்தவே இரண்டாண்டு ஆகலாம். ஒட்டுக்கன்றுகள் ஐந்து முதல் ஏழு ஆண்டுகளில் காய்க்கத் தொடங்கும். ஆனால் அம்மரங்கள் சிறியவை, விளைச்சலும் குறைவு. விரைந்த பயனா, நீடித்த விளைச்சலா என்பதை உழவரே முடிவு செய்யட்டும்.

எட்டு மீட்டர் இடைவெளியில் நட்டால் ஒரு ஹெக்டேரில் 156 மரங்கள் நிற்கும். நட்ட முதல் மூன்று நான்கு ஆண்டுகளுக்கு நிழல் தேவை. தனித் தோட்டமாயின், வாழையை இடையே வளர்த்தால் நிழலும் கிடைக்கும், வருவாயும் வரும். தென்னை, பாக்குத் தோப்புகளில் ஊடுபயிராக நடுவதே சிறு உழவருக்கு ஏற்றது. கோடையில் நீர்ப்பாசனமும், மரத்தடியில் இலைதழை மூடாக்கும், ஆண்டுதோறும் தொழு உரமும் அளித்தல் வேண்டும். மேற்பரப்பில் பரவும் வேர்கள் அறுபடாதபடி, ஆழக் கொத்துதலைத் தவிர்க்க வேண்டும்.

விதைக்கன்று எட்டு முதல் பதினைந்து ஆண்டுகளில் காய்க்கத் தொடங்கும். நன்கு வளர்ந்த மரம் பருவத்திற்கு 500 கனிகளுக்கு மேலும் தரவல்லது. பின்னர்ப் பல பத்தாண்டுகளுக்கு அது பயன் தரும். கனியின் தோல் இளஞ்சிவப்பாகத் தொடங்கும்போதே வலைப்பை கட்டிய கோலால் பறித்தல் நலம். தரையில் விழும் கனியின் தோல் அடிபட்ட இடத்தில் கெட்டியாகி, உள்ளிருக்கும் சுளையும் கெடும். காய் முற்றும் தறுவாயில் பெருமழை பெய்தால், மஞ்சள் நிறப் பால் கசிந்து சுளை கசப்பதுண்டு. வறட்சிக்குப்பின் திடீரென மிகுநீர் பாயாமல், மண்ணின் ஈரத்தைச் சீராக வைத்திருப்பது இதனை ஓரளவு குறைக்கும்.

இனி, அலுவலர் பெருமக்களுக்கு ஒரு கருத்து. 2005-06இல் தொடங்கப்பட்ட தேசியத் தோட்டக்கலை இயக்கத்தில், நீண்டகாலப் பயிர்களுக்கான உதவி, உயிருடன் இருக்கும் கன்றுகளைப் பொறுத்து, 60:20:20 என்ற விகிதத்தில் மூன்றாண்டுத் தவணைகளாக வகுக்கப்பட்டது. மாவுக்கும் கொய்யாவுக்கும் இம்முறை பொருந்தும். மங்குஸ்தானோ மூன்றாம் ஆண்டில் இடுப்பளவு உயரத்தைக்கூட எட்டியிராது. உதவி நின்றபின் ஐந்தாறு ஆண்டுகள் உழவர் தம் செலவிலேயே நீர் பாய்ச்ச வேண்டும். வசதியுள்ளவர் காத்திருப்பர்; கடன்பட்டவர் கன்றைக் கைவிடுவர், அல்லது பூக்கும் முன்பே மரத்தின் விளைச்சலை வியாபாரியிடம் குத்தகைக்கு விட்டுவிடுவர். அவ்வாறு விட்டபின் நல்ல விலையின் பயன் நட்டவரைச் சேர்வதில்லை.

ஆகவே கடனுக்கான தவணை, மரம் காய்க்கும் ஆண்டிலிருந்து தொடங்குமாறு அமைதல் வேண்டும். ஊடுபயிர் வருவாயையும் சேர்த்தே திட்டம் தீட்டப்பட வேண்டும். நட்ட கன்றுகளின் எண்ணிக்கையோடு, ஆறாம் ஆண்டிலும் பத்தாம் ஆண்டிலும் நிற்கும் மரங்களின் எண்ணிக்கையையும் பதிவேட்டில் குறித்தால், திட்டத்தின் உண்மையான பயன் விளங்கும். சுமார் 13 டிகிரி வெப்பநிலையில் இரண்டு மூன்று வாரங்கள் கனி கெடாதிருக்கும். எனவே விளையும் ஊர்களுக்கு அருகே சிறு குளிர்பதனக் கூடங்கள் அமைவதும் பயன் தரும்.

மாணவ நண்பர்களே, விரைந்து காய்க்கும் ஒட்டுமுறையும், வேர் வளர்ச்சியை ஊக்கும் நாற்றங்கால் முறையும் உங்கள் ஆய்வுக்காகக் காத்திருக்கின்றன. காத்திருப்புக் காலத்தில் ஈராண்டு குறைந்தாலும், சிறு உழவர் பலர் இப்பயிரைத் துணிந்து ஏற்பர். அப்பணியில் உங்கள் உழைப்பு அமைய வேண்டுமென விழைகிறேன்.