ஆளுக்கொரு சீட்டு

கொல்கத்தாவில் லேக் மார்க்கெட் பக்கம் குடியிருந்த தமிழர்களுக்கு ரவீந்திர சரோவர் ஏரியை நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. விடிந்தும் விடியாமலும் அதைச் சுற்றி ஒரு கூட்டம் நடக்கும். சர்க்கரை, கொழுப்பு, ரத்தக் கொதிப்பு என்று ஒவ்வொருவரிடமும் ஏதாவது ஒன்று இருக்கும். நடந்து முடித்த கையோடு கச்சோரியும் ஜிலேபியும் வாங்கிச் சாப்பிடுகிறவர்களையும் பார்த்திருக்கிறேன். அவர்களை நான் குறை சொல்லவில்லை. "நடங்க" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்ட டாக்டரைத்தான் சொல்வேன். மாத்திரைக்கு எத்தனை மில்லிகிராம், சாப்பாட்டுக்கு முன்னா பின்னா என்றெல்லாம் எழுதுகிறவர், நடைக்கு மட்டும் ஏன் அளவு எழுதுவதில்லை?

இதே ஊரில், வடக்கே கர்பார் பக்கம், அளவு எழுதிக் கொடுத்த ஒருவர் இருந்தார். விஷ்ணு சரண் கோஷ். வங்காளிகள் வாயில் பிஷ்டு கோஷ். பரமஹம்ச யோகானந்தரின் தம்பி. 1923-ல் உடற்பயிற்சிக் கல்லூரி தொடங்கினார். வங்காளி என்றால் நோஞ்சான் என்ற வெள்ளைக்காரனின் ஏச்சுக்குப் பதில் சொல்ல, ஊரெல்லாம் வியாயாம சமிதிகள் என்ற உடற்பயிற்சிச் சங்கங்கள் முளைத்திருந்த காலம் அது. வங்காள மல்லர் கோபர் குஹா 1921-லேயே சான் பிரான்சிஸ்கோ வரை போய் மல்யுத்தத்தில் ஜெயித்துவிட்டு வந்திருந்தார். கோஷின் மாணவர் மனோதோஷ் ராய் 1951-ல் உலக ஆணழகன் போட்டியில் தம் பிரிவில் பட்டம் வாங்கினார்.

பட்டங்கள் இருக்கட்டும். என்னைக் கவர்ந்தது அங்கே கொடுக்கிற சீட்டு. வருகிறவரிடம் முதலில் உடம்புக்கு என்ன என்று கேட்பார்கள். பிறகு அவருக்கென்று எழுதுவார்கள்: எந்த ஆசனம், எத்தனை தடவை, எந்தக் கைகால் பயிற்சி. ஒவ்வொரு ஆசனத்துக்குப் பின்னும் சவாசனம், அதாவது ஓய்வுக்கும் கணக்கு உண்டு. ஆஸ்துமாக்காரரும் முதுகுவலிக்காரரும் ஒரே கூடத்தில் பக்கத்துப் பக்கத்தில், வேறு வேறு பயிற்சி செய்வார்கள்.

அந்தக் கல்லூரியில் படித்த விக்ரம் சௌத்ரி அமெரிக்கா போனார். 26 ஆசனங்கள், 90 நிமிஷம், 40 டிகிரிச் சூட்டில் ஓர் அறை, எல்லாருக்கும் அதேதான். ஆளைப் பார்த்துத் தைத்த குருவின் சட்டையைச் சீடர் ஒரே அளவில் தைத்து விற்றார் என்பது என் அபிப்பிராயம். அந்த ஆசன வரிசை உடல்நலத்துக்கான ஒரு வழிமுறை, இதற்குக் காப்புரிமை கிடையாது என்று 2015-ல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் சொல்லிவிட்டது.

கோஷ் பாணியிலும் ஒரு பலவீனம் உண்டு. இந்த ஆசனம் இந்தச் சுரப்பிக்கு என்று அடித்துச் சொல்வார்கள். ஒப்பிட்டுப் பார்த்த கணக்கைக் காட்டமாட்டார்கள். ஒப்பிடுவது லேசான வேலையும் இல்லை. 1953-ல் மருத்துவ ஆய்வாளர் ஜெரமி மாரிஸ், லண்டன் மாடி பஸ்களில் உட்கார்ந்தே இருக்கும் டிரைவரைவிட, படியேறி இறங்கும் கண்டக்டருக்கு மாரடைப்பு குறைவு என்று எழுதினார். பிற்பாடு சீருடைக் கணக்கை எடுத்துப் பார்த்தால், டிரைவர்களுக்கு வேலையில் சேரும்போதே இடுப்பளவு அதிகம்! மாரிஸே அதையும் எழுதினார். அந்த நேர்மைக்கு ஒரு சபாஷ்.

நம் சென்னையில் டாக்டர் அ. ராமச்சந்திரன் குழுவினர் நடையைச் சீராகவே சோதித்தார்கள். 2006-ல் முடிவு வெளியானது. சர்க்கரை நோயின் வாசலில் நின்ற 531 பேர். சும்மா விட்டவர்களில் 3 வருஷத்தில் 100-க்கு 55 பேருக்கு நோய் வந்தது. தினமும் அரை மணி வேக நடையும் சாப்பாட்டுக் கட்டுப்பாடும் கடைப்பிடித்தவர்களில் 39 பேருக்கு. மெட்ஃபார்மின் மாத்திரை மட்டும் தின்றவர்களில் ஏறக்குறைய 40. இரண்டையும் சேர்த்தும் கூடுதல் லாபம் இல்லை. நடையும் சாப்பாட்டுக் கட்டுப்பாடும் மாத்திரைக்குச் சமமாக நின்றன.

நடையின் பலனுக்குக் காரணம் தசையில் இருக்கிறது. சுருங்கி விரிகிற தசை, இன்சுலினை எதிர்பார்க்காமலே ரத்தத்திலிருந்து சர்க்கரையை இழுத்துக்கொள்ளும். நடந்த பிறகு இன்சுலினும் நன்றாக வேலை செய்யும்; அந்தப் பலன் ஒரு நாள், மிஞ்சினால் இரண்டு நாள். ஞாயிற்றுக்கிழமை மொத்தமாக மூன்று மணி நேரம் நடந்து கணக்கை நேர் செய்ய முடியாதது அதனால்தான்.

ஏரிக்கரை நண்பருக்கு நான் சீட்டு எழுதினால் இப்படி இருக்கும்: வாரத்தில் 5 நாள், 30 நிமிஷம், பேச முடிய வேண்டும், பாட முடியக்கூடாது, அந்த வேகம். 2 நாள் டம்பெல். கண்ணின் விழித்திரையில் கோளாறு இருந்தால் டாக்டரைக் கேட்காமல் பளு தூக்கக்கூடாது. கால் மரத்திருந்தால் செருப்புக்குள் கை விட்டுப் பார்த்துவிட்டுப் போட வேண்டும். இன்சுலின் போடுகிறவர் சட்டைப் பையில் இரண்டு மிட்டாய். நடுவழியில் சர்க்கரை இறங்கிக் கை நடுங்கினால் வாயில் போட. ஜிலேபியும் அதற்குத்தான் என்று கடைவாசலில் யாராவது சொன்னால் நம்பிவிட வேண்டாம்.